தண்டனையிலிருந்து தானத்திற்கு

உடல்தானம் என்றதும், ஒருவர் மனமுவந்து எழுதிக்கொடுத்த உறுதிமொழியே நம் நினைவுக்கு வருகிறது. ஆயினும் மருத்துவக் கல்விக்கு மனித உடல்கள் வந்துசேர்ந்த வரலாற்றில், விருப்பம் என்பது மிகவும் பிந்தியே நுழைந்தது. பிரிட்டனின் கதை இதற்குத் தெளிவான சான்று.

1752இல் நடைமுறைக்கு வந்த சட்டம், தூக்கிலிடப்பட்ட கொலையாளியின் உடலை அப்படியே புதைப்பதைத் தடைசெய்தது. அவ்வுடல் அறுத்து ஆராயப்பட வேண்டும். இல்லையேல் சங்கிலியில் பிணைத்துத் தொங்கவிடப்பட வேண்டும். சாவுக்கும் அப்பால் ஓர் இழிவைச் சேர்ப்பதே நோக்கம். உடற்கூறியல் மேசையைத் தூக்குமேடையின் தொடர்ச்சியாகவே மக்கள் கண்டனர்.

மருத்துவப் பள்ளிகள் பெருகியபோது கொலையாளிகளின் உடல்கள் போதவில்லை. இடுகாடுகள் இரவில் தோண்டப்பட்டன. அன்றைய சட்டப்படி பிணம் எவருடைய சொத்தும் அன்று, சவத்துணியோ சொத்து. ஆகவே கைதேர்ந்த திருடர்கள் துணியைக் குழியிலேயே போட்டுவிட்டு உடலை மட்டும் எடுத்துச்சென்றனர். வசதியுள்ளோர் கல்லறைமேல் இரும்புக் கூண்டு பொருத்தினர். ஏழைகளுக்கு அந்தக் காவல் கிட்டவில்லை.

1827இன் இறுதியில், எடின்பரோவில் வில்லியம் ஹேரின் விடுதியில் தங்கியிருந்த முதியவர் ஒருவர் வாடகை பாக்கியுடன் நோயால் இறந்தார். ஹேரும் அவருடைய நண்பர் வில்லியம் பர்க்கும் அவ்வுடலை ராபர்ட் நாக்ஸின் உடற்கூறியல் பள்ளிக்கு 7 பவுண்டு 10 ஷில்லிங்குக்கு விற்றனர். அதற்குப்பின் அவர்கள் இயற்கையான சாவுக்குக் காத்திருக்கவில்லை. 1828இல் 16 பேரைக் கொன்று விற்றனர். ஹேர் அப்ரூவராகித் தப்பினார். பர்க் 1829 ஜனவரியில் தூக்கிலிடப்பட்டு, அறுத்து ஆராயப்பட்டார். அவருடைய எலும்புக்கூடு எடின்பரோ பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.

இத்தகைய இழிவும் அச்சமும் சூழ்ந்த மேசைக்குத் தானாக முன்வந்தவர் தத்துவஞானி ஜெரமி பெந்தாம். தம் உடலை ஆய்வுக்கு அளிக்கும் எண்ணத்தை 1769இலேயே, 21 வயதில், உயிலில் பதிந்திருந்தார். 1832 ஜூன் 6இல் அவர் மறைந்தார்; மூன்றாம் நாள், நண்பர் சவுத்வுட் ஸ்மித் நண்பர்களும் மாணவர்களும் கூடிய அவையில் அவ்வுடலை அறுத்து விளக்கினார். ஆடை அணிவிக்கப்பட்ட பெந்தாமின் எலும்புக்கூட்டை லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் இப்போதும் காணலாம்.

அதே ஆண்டு ஆகஸ்டில் உடற்கூறியல் சட்டம் நிறைவேறியது. கொலையாளிகளின் உடலை அறுக்கும் தண்டனை ஒழிந்தது. பிணத்திருட்டும் மெல்ல மறைந்தது. ஆனால் அச்சட்டம் பெந்தாமின் வழியையா பின்பற்றியது? இறந்தவரோ உறவினரோ மறுப்புத் தெரிவிக்காவிடில், உடலைத் தம் பொறுப்பில் வைத்திருப்போர் அதனை ஆய்வுக்கு அளிக்கலாம் என்றது. நடைமுறையில், ஏழையர் விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் கேட்பாரற்று இறந்தோரே அந்த மேசையை அடைந்தனர். கொலைகாரனுக்கு விதித்த தண்டனை வறியவன்மேல் இறங்கிற்று.

இங்கிலாந்தில் 2004ஆம் ஆண்டின் மனிதத் திசுச் சட்டம், உடற்கூறியல் ஆய்வுக்கு ஒருவர் வாழும்போதே சாட்சியுடன் எழுத்தில் அளித்த ஒப்புதல் தேவை என்றது. உறவினரும் அவருக்காக ஒப்புதல் தர இயலாது. மறுக்காமையை இசைவாகக் கொண்ட காலம் இவ்வாறு முடிந்தது.

தானம் என்னும் சொல் மறுக்கும் உரிமை உள்ளவருக்கே பொருந்தும். இன்று நாம் படிக்கும் மருத்துவ அறிவில், அவ்வுரிமை இல்லாது போனவர்களின் பங்கும் கலந்திருக்கிறது. பெந்தாமை நினைக்கையில் பெயரறியாத அவர்களையும் நாம் நினைக்கக் கடமைப்பட்டுள்ளோம்.