ஒன்பதேகால் செய்தியும் ஓயாத ஃபோனும்



போன கிழமை வரலாற்றுப் பாடத்தில் ஒரு பிள்ளை மேசையில் தலைவைத்து உறங்கிவிட்டாள். காய்ச்சலோ என்று கேட்டோம். இல்லையாம். இரவு முழுக்க வீட்டில் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்ததாம். ரொறன்ரோவில் பகல் என்றால் இறுப்பிட்டியில் இரவு. ஊரில் இருப்பவர்களைவிட வெளிநாட்டில் இருப்பவர்கள் அதிகம் என்பதால் எங்கள் வட்ஸ்அப், வைபர் குறூப்புகளுக்கு உறக்கமே கிடையாது. மரண அறிவித்தல், திருவிழா நேரலை, அரசியல் சண்டை, சலரோகத்துக்கு ஒரு இலை. அதே இலை நாலு குறூப்பில் வரும். குறை சொல்லவில்லை. அந்த மரண அறிவித்தல் இல்லாவிட்டால் பல செத்தவீடுகள் பிள்ளைகளுக்குத் தெரியாமலே முடிந்துவிடும். நாங்களும் சுபஹுக்கு எழும்பினால் முதலில் கை போவது ஃபோனுக்குத்தான்.

அன்று பாடத்தை மாற்றி, செய்தியே கிடைக்காத காலத்தைப் பற்றிப் பேசினோம்.

1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியபின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள். தீவுகளிலிருந்து இடம்பெயர்ந்து போனவர்களும் அந்த இருட்டுக்குள்தான் இருந்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ பாடும். இரவு ஒன்பதேகாலுக்கு பிபிசி தமிழோசை. சுற்றுகிறவர் களைத்தால் குரல் மங்கும், அடுத்தவர் கை மாற்றுவார். முடிந்ததும் முற்றத்தில் விவாதம்: சொன்ன இடம் எது, சொன்னது யார், அங்கிருந்து வந்தவர் வேறு மாதிரியல்லவா சொன்னார்? பத்திரிகைத்தாள் வராத நாட்களில் 'உதயன்' கொப்பித்தாளில் அச்சாகி வந்தது. ஒருவர் வாசிக்க, பலர் கேட்பார்கள். அதைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. மகன் உயிரோடு இருக்கிறானா என்று அறிய மாதக்கணக்கில் காத்திருந்த தாய்மாருக்கு அது நரகம்.

எங்கள் வீடுகளில் அந்த டைனமோக் கதை அதிகம் இல்லை. ஏனென்றால் 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு வந்த செய்தி ஒலிபெருக்கியில் வந்தது. ஒஸ்மானியாக் கல்லூரிப் பக்கம் ஜின்னா மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். அங்கே சொல்லப்பட்டது, இரண்டு மணி நேரத்தில் வெளியேற வேண்டும். ஏன் என்று விசாரிக்க அவகாசம் இல்லை. காசும் நகையும் பறிபோயின. பிறகு பல ஆண்டுகள் புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் இருந்துகொண்டு யாழ்ப்பாணத்துச் செய்திக்குக் காது கொடுத்தோம்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "இரவில் ஃபோனை நிறுத்திவிட்டுப் படுங்கள்" என்று எங்கள் உம்மாவிடம் சொன்னபோது, "விடியக்குள்ள என்ன நடக்குமெண்டு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். பதில் இல்லை. இடம்பெயர்ந்த தமிழ்த் தாய்மாரிடமும் இதே பயத்தைக் கண்டிருக்கிறோம். நகரத்து வைத்தியர்கள் எழுதும் 'ஃபோன் பழக்கம்' கட்டுரைகளில் இந்தப் பயத்துக்கு இடமில்லை. கடைசியாக அறிந்தவன் எல்லாம் இழந்தான் என்று ஒருமுறை பட்டவர்கள், எல்லாவற்றையும் முதலில் அறிய நினைக்கிறார்கள்.

ஆனால் முதலில் அறிவது காப்பாற்றியதா? 2018 பெப்ரவரி 26 அன்று அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில், கறிக்குள் இருந்த மாக்கட்டியை மலட்டு மாத்திரை என்றார்கள். சிங்களம் சரியாகத் தெரியாத ஒருவர் பயத்தில் தலையாட்டிய வீடியோ நாடெங்கும் பரவியது. அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் அது வெறும் மா என்று அறிவித்தார். அதற்குள் கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டிருந்தன. அடுத்த கிழமை திகனையில் வேறொரு சம்பவத்தை வைத்துக் கலவரம். மார்ச் 7 அன்று அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபரை முடக்கியது. ஏறத்தாழ ஒரு கிழமை. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுகளுக்குப் பிறகும் அப்படியே. அந்த நாட்களில் வதந்தி வாய்வழியாக ஓடியது, உறவுகளைத் தேடியவர்கள் தவித்தார்கள். பேஸ்புக் நிறுவனம் 2018 நிகழ்வுகளில் தன் தளத்தின் பங்குக்கு மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில். இரண்டு வருடம் கழித்து!

அந்த வீடியோவை நாங்களும் அன்று பார்த்தோம். பயந்து நாலு பேருக்கு அனுப்பினோம். அவர்கள் எத்தனை பேருக்கு அனுப்பினார்களோ.

ஹதீஸ் படித்தவர்களுக்கு அறிவிப்பாளர் வரிசை தெரியும். யார் யாரிடம் கேட்டார் என்ற சங்கிலி அறுந்தால் செய்தி பலவீனம். அதை நினைத்துத்தான் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தோம்: ஒரு மாலை நேரம் வீட்டுக்கு வரும் செய்திகளை எழுதி, பக்கத்தில் 'முதலில் சொன்னவர்' என்று ஒரு நிரல். மறுநாள் கொப்பிகளில் அந்த நிரல் பெரும்பாலும் வெறுமையாக இருந்தது. உறங்கிய பிள்ளை மட்டும் ஒன்றுக்கு எழுதியிருந்தாள்: "அம்மம்மா. குறிகட்டுவான் இறங்குதுறையில் தானே கண்டது." கடல் கொந்தளிப்பு, நயினாதீவுப் படகு ஓடாது என்ற செய்தி அது.

இந்தத் தவணையில் எங்கள் வகுப்பு குறூப்பில் மாலை ஏழு மணிக்குப் பிறகு நாங்கள் எதுவும் போடுவதில்லை. அவசரம் என்றால் கோல் எடுப்போம். இரண்டு தாய்மார் கோபித்திருக்கிறார்கள், பேசிக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் வீட்டில் அந்தக் காலத்தில் பெடல் சுற்றியவர் யார்? எழுதுங்கள். இன்றைக்கே எழுத வேண்டும் என்றில்லை.