மம்முட்டி: அம்பேத்கரிலிருந்து மூத்தோன் வரை

மம்முட்டி (பிறப்பு: 7 செப்டெம்பர் 1951) மலையாளத் திரைப்பட நடிகர். தமிழ், தெலுங்கு, கன்னடம், ஹிந்தி, ஆங்கிலம் ஆகிய மொழிகளிலும் நடித்தவர். படங்களின் எண்ணிக்கை 400ஐத் தாண்டும். வைக்கம் முகம்மது பஷீர், அம்பேத்கர், பழசிராஜா, ஆந்திர முதலமைச்சராக இருந்த வை. எஸ். ராஜசேகர ரெட்டி என வரலாற்றில் வாழ்ந்த மனிதர்களைத் திரையில் ஏற்றவர். 2025இல் வெளியான ‘லோகா’ என்ற அதிநாயகப் படத்தில் மூத்தோன் என்ற பாத்திரத்தையும் ஏற்றார். தோற்றத்துக்காகக் கொண்டாடப்பட்ட நடிகர்தான். ஆனால் இத்தனை வேடங்களையும் தாங்கி நிற்பது அவருடைய குரலும், ஒவ்வொரு வட்டாரத்தின் பேச்சையும் வாயில் பழக்கிக்கொள்ளும் பிடிவாதமும் என்பதே இக்கட்டுரையின் கணிப்பு.

சட்டத்தரணி நடிகரானது

இயற்பெயர் முகம்மது குட்டி. ஆலப்புழை மாவட்டத்தின் சந்திரூரில் பிறந்து, கோட்டயம் மாவட்டத்தில் வைக்கத்துக்கு அருகிலுள்ள செம்பு என்ற ஊரில், நடுத்தர முஸ்லிம் குடும்பமொன்றில் வளர்ந்தார். எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியிலும் பின்னர் அரசு சட்டக் கல்லூரியிலும் படித்தார். மலப்புறம் மாவட்டத்தின் மஞ்சேரியில் சிறிது காலம் சட்டத்தரணியாகத் தொழில் செய்தார். நீதிமன்றத்தில் கழிந்த அந்தக் காலம் சிறியது என்றாலும், நீண்ட வசனத்தை மூச்சுத் தடுக்காமல், சொல்லுக்குச் சொல் எடை போட்டுப் பேசும் பழக்கத்தைப் பார்க்கும்போது அங்கேதான் அது தொடங்கியிருக்க வேண்டும் என்று தோன்றும். 1990இல் அவரது முதல் தமிழ்ப் படமாக வந்த ‘மௌனம் சம்மதம்’ படத்திலும் அவருக்குச் சட்டத்தரணி வேடமே கிடைத்தது.

கே. எஸ். சேதுமாதவனின் ‘அனுபவங்கள் பாளிச்சகள்’ (1971) படத்தில் கூட்டத்தில் ஒருவராக முகம் காட்டியதுதான் தொடக்கம். உண்மையான அறிமுகம் அதற்கு ஒன்பது ஆண்டுகள் கழித்து, ‘வில்க்கானுண்டு ஸ்வப்னங்கள்’, ‘மேளா’ ஆகிய படங்களில். கே. ஜி. ஜோர்ஜின் ‘யவனிகா’வில் (1982) பொலிஸ் அதிகாரியாக வந்து, உரத்துப் பேசாமலே மற்றவர்களை நடுங்கவைத்தபோது, மலையாளத் திரை அவரைக் கவனிக்கத் தொடங்கியது.

அக்காலத்துப் படங்களில் கிழக்கிலங்கை வாசகர் தனியே குறித்துவைக்க வேண்டியது ‘யாத்ரா’ (1985). நெறியாளர் பாலு மகேந்திரா. மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்து புனித மிக்கேல் கல்லூரியில் படித்தவர். கல்முனைப் பக்கத்து நற்பிட்டிமுனையிலிருந்து கரையோர வீதியில் வடக்கே போனால் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடிய தூரம்தான் அவருடைய ஊர். சிறைக்குப் போய் மீளும் வன அதிகாரியின் கதை அது. வெளியே தனக்காக எவரும் காத்திருக்கிறார்களா என்று தெரியாத மனிதனை மம்முட்டி மிகக் குறைந்த சொற்களால் நடித்தார். ஒளிப்பதிவும் பாலு மகேந்திராவே, இசை இளையராஜா. நடிகரைப் பேசவிடாமல் முகத்தில் வெளிச்சம் படவிட்டுக் காத்திருக்கும் அந்த இயக்குநரின் முறை, பிற்காலத்து மம்முட்டியில் நிறையவே தெரியும்.

வாழ்ந்தவர்களின் வேடம்

1989ஆம் ஆண்டின் சிறந்த நடிகருக்கான தேசிய விருது இரண்டு படங்களுக்காக அவருக்குக் கிடைத்தது. ஒன்று, எம். டி. வாசுதேவன் நாயர் எழுதி ஹரிஹரன் இயக்கிய ‘ஒரு வடக்கன் வீரகதா’. வடகேரள நாட்டார் பாடல்களில் தலைமுறை தலைமுறையாகத் துரோகி என்று பழிக்கப்பட்ட சந்து என்ற போர்வீரனை, வஞ்சிக்கப்பட்டவனாகத் திருப்பி எழுதினார் எம்.டி. ஊரே நம்பும் ஒரு பழியை எதிர்த்து ஒற்றை ஆளாக வாதாடும் அந்த வேடத்துக்கு, வாதாடப் பழகிய குரல் வாகாக அமைந்தது.

மற்றது அடூர் கோபாலகிருஷ்ணனின் ‘மதிலுகள்’. எழுத்தாளர் பஷீர் திருவனந்தபுரம் சிறையில் இருந்த காலத்தை வைத்துத் தானே எழுதிய குறுநாவலே அதன் மூலம். படம் எடுக்கப்பட்டபோது பஷீர் உயிரோடு இருந்தார். ஆண்கள் சிறையையும் பெண்கள் சிறையையும் பிரிக்கும் மதிலுக்கு அப்பால் நாராயணி என்ற பெண்ணின் குரல் மட்டும் கேட்கும். அந்தக் குரலோடு காதல். நாராயணி படத்தில் முகம் காட்டுவதே இல்லை. குரல் கொடுத்தவர் கே.பி.ஏ.சி. லலிதா. ஆகவே காதல் காட்சி முழுவதையும் ஒரு சுவரைப் பார்த்தபடி நடிக்க வேண்டிய நிலை மம்முட்டிக்கு. பஷீரைப் போலத் தோன்ற அவர் பெரிதாக மெனக்கெடவில்லை. இந்த முகம் பஷீருக்கு மிகையான அழகு என்ற குறை அப்போதே எழுந்தது, அது நியாயமும்தான். ஆனால் துயரத்தைப் பகிடியாக்கிவிட்டு நடக்கும் பஷீரின் இயல்பு அவரிடம் இருந்தது. வாழ்க்கை வரலாற்றுப் படமென்றால் மூக்கு ஒட்டுவதும் தலைமயிரைச் சிரைப்பதும்தான் நடிப்பு என்று நினைக்கிற இன்றைய காலத்தில் ‘மதிலுகள்’ திரும்பப் பார்க்க வேண்டிய படம்.

1993க்கான இரண்டாவது தேசிய விருதும் இரட்டைப் படங்களுக்கே. இங்கு வேடங்கள் இரண்டும் நேரெதிர். அடூரின் ‘விதேயன்’ படத்தில் அவர் ஊரையே அடக்கி ஒடுக்கும் பட்டேலர். பால் சக்கரியாவின் கதையிலிருந்து வந்த அந்தக் கொடியவன் கன்னடம் கலந்த மலையாளம் பேசுவான். டி. வி. சந்திரனின் ‘பொந்தன் மாட’வில் அவர் தம்புரானின் நிலத்தில் உழைக்கும் ஒடுக்கப்பட்ட சாதிக்காரன், தம்புரானாக நஸீருத்தீன் ஷா. ஓராண்டு விருதில் ஆண்டையும் அடிமையும் ஒருவரே என்பது இந்தியத் திரையில் அடிக்கடி நடக்கிற காரியம் அல்ல.

பிறகு ‘டொக்டர் பாபாசாகேப் அம்பேத்கர்’. மராத்தி இயக்குநர் ஜப்பார் பட்டேல் அரசு நிதியுதவியுடன் ஆங்கிலத்தில் எடுத்த படம். மகாராஷ்டிரத்தின் மாபெரும் தலைவரை நடிக்கக் கேரளத்திலிருந்து ஒரு முஸ்லிம் நடிகர் அழைக்கப்பட்டார். மலையாள நாயகனின் அடையாளமாக இருந்த மீசையை மழித்துக்கொண்டு, மூன்று மணிநேரம் ஓடும் படத்தில் வெளிநாட்டில் படிக்கும் இளைஞனாகத் தொடங்கி, 1956இல் நாக்பூரில் பௌத்தம் தழுவும் நோயுற்ற முதியவர்வரை நடித்தார். கொலம்பியாவிலும் இலண்டனிலும் படித்த அம்பேத்கரின் ஆங்கிலம் எப்படி இருந்திருக்கும் என்பதுதான் இங்கே கேள்வி. வெள்ளைக்காரரைப் போலப் பேச முயலாமல், கற்ற மொழியை ஆயுதமாகப் பிடித்திருக்கும் இந்தியரின் ஆங்கிலத்தை அவர் தேர்ந்தார். 1927இன் மகாட் குளத்துப் போராட்டக் காட்சிகளைவிட, காந்தியோடு எதிரெதிரே அமர்ந்து பேசும் காட்சிகளில் இந்தத் தேர்வு கூடுதலாகத் துலங்கும். 1998க்கான தேசிய விருதை இதற்காக அஜய் தேவ்கனோடு பகிர்ந்துகொண்டார்.

படத்துக்குக் கிடைத்த வரவேற்பு நடிப்புக்கு ஈடாக இருக்கவில்லை. 2000ஆம் ஆண்டில் வெளியான இந்தப் படத்தின் தமிழ் வடிவம், சென்னை உயர் நீதிமன்றம்வரை விடயம் போன பிறகு, 2010 டிசெம்பரில்தான் தமிழ்நாட்டுத் திரையரங்குகளுக்கு வந்தது. அம்பேத்கரின் பெயரை மேடைக்கு மேடை சொல்லும் ஒரு மாநிலத்துக்கு இது பெருமை தரும் செய்தி அல்ல.

‘கேரள வர்மா பழசிராஜா’ (2009) மீண்டும் எம்.டி., ஹரிஹரன் கூட்டணி. வயநாட்டில் கிழக்கிந்தியக் கம்பெனியோடு போரிட்டு 1805இல் மறைந்த மன்னரின் கதை. படம் பெரிது; நடிப்பு கம்பீரத்துக்கு மேல் அதிகம் போகவில்லை. மாறாக, 2019இல் வந்த ‘யாத்ரா’ என்ற தெலுங்குப் படம் (பாலு மகேந்திராவின் படத்தோடு பெயர் மட்டுமே ஒன்று) அரசியல் புகழ்ச்சிக்காக எடுக்கப்பட்டது என்றாலும், ராஜசேகர ரெட்டியின் 2003ஆம் ஆண்டுப் பாதயாத்திரையை அவர் அடக்கமாகச் செய்தார். தெலுங்கைக் கற்றுத் தானே டப்பிங் பேசினார்.

தமிழில்

நம் பக்கத்தில் மம்முட்டி என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது ‘தளபதி’யின் (1991) தேவா. மகாபாரதத்தின் துரியோதனனை நட்பின் பக்கமிருந்து பார்த்த மணிரத்னம், ரஜினிகாந்தின் கர்ணனுக்குச் சமமாக நிற்கக்கூடிய ஒருவரைத் தேடினார். அதே ஆண்டில் கே. பாலசந்தரின் ‘அழகன்’, மனைவியை இழந்த ஹோட்டல் முதலாளியாக, காதலிலும் பிள்ளைகளிடமும் ஒருசேரத் தடுமாறும் வேடம். தொண்ணூறுகளின் நடுவில் வந்த ‘மக்கள் ஆட்சி’, ‘அரசியல்’ போன்றவை அந்தக் காலத்து வசன வெடிகள். நடிகருக்கு அவற்றால் பெரிய ஆதாயமில்லை. லிங்குசாமியின் முதற்படமான ‘ஆனந்தம்’ (2001) வேறு வகை. மூத்த காக்காவோ பெரியண்ணனோ குடும்பத்தைச் சுமக்கும் வீடுகளில் அந்தப் படம் ஏன் ஓடியது என்று விளக்கத் தேவையில்லை.

ராஜீவ் மேனனின் ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ (2000) நமக்கு வேறு விதத்தில் முக்கியம். அதில் மம்முட்டி நடித்த பாலா, இந்திய அமைதிப் படையில் இலங்கைக்கு வந்து காலை இழந்து திரும்பிய அதிகாரி. ஜேன் ஒஸ்டினின் நாவலில் வரும் கேணலைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்த விதம் கெட்டித்தனம்தான். அந்தக் கசப்பையும் கூச்சத்தையும் மம்முட்டி அழகாகப் பிடித்தார். ஆனால் அவனுடைய கால் போனதைச் சொல்லும் படம், 1987 தொடக்கம் 1990 வரை அந்தப் படை இந்த மண்ணில் இருந்த காலத்தைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. இங்கிருந்து பார்ப்பவருக்கு அது உறுத்தும்.

தமிழில் அவருடைய சிகரம் ராமின் ‘பேரன்பு’. 2018இல் ரொட்டர்டாம் விழாவில் திரையிடப்பட்டு அடுத்த ஆண்டு பெப்ரவரியில் வெளியானது. மூளை முடக்குவாதமுள்ள மகளைத் தனியே வளர்க்கும் தகப்பன் அமுதவன், மகளாக சாதனா. மகள் பருவமடையும்போது தகப்பன் என்ன செய்வான் என்ற, எவரும் வாய்விட்டுப் பேசாத கேள்வியைப் படம் கேட்கிறது. ‘பேரன்பு’ வெளியாகி ஒரு வாரத்தில் தெலுங்கு ‘யாத்ரா’ வந்தது. தமிழகத் தகப்பனும் ஆந்திர முதலமைச்சரும் அடுத்தடுத்த வெள்ளிக்கிழமைகளில், ஒரே குரலில், இரு மொழிகளில்!

மத்திய கிழக்கும் கடுகன்னாவையும்

சலீம் அகமதின் ‘பத்தேமாரி’ (2015) நற்பிட்டிமுனை, மருதமுனை, சாய்ந்தமருது வீடுகளில் எளிதாக விளங்கும். பாய்மரக் கப்பலேறி வளைகுடாவுக்குப் போய், அங்கேயே அரை ஆயுளைக் கொடுத்து, ஊரில் வீடு கட்டி, அதில் வாழக் கொடுத்துவைக்காத பள்ளிக்கல் நாராயணனின் கதை. சவூதியிலிருந்தும் கத்தாரிலிருந்தும் வந்த காசில் எழுந்த வீடுகள் நம் ஊர்களிலும் வரிசையாக நிற்கின்றன. உழைத்தவரின் முகம் மட்டும் அவ்வீட்டுப் பிள்ளைகளுக்கு விடுமுறையில் கண்ட முகமாகவே இருக்கும். அதை இப்படிச் சொன்ன தமிழ்ப் படம் இன்னும் வரவில்லை.

எம்.டி.யின் தகப்பனாரும் இப்படிக் கடல் கடந்து இலங்கையில் வேலை பார்த்தவர். அந்தக் குடும்ப நினைவின் சாயலுள்ள ‘கடுகன்னாவ: ஒரு யாத்ரக் குறிப்பு’ கதையை ரஞ்சித் படமாக்கினார். சிறுவயதில் தகப்பன் இலங்கையிலிருந்து கூட்டிவந்த பெண்பிள்ளையை நினைத்து, முதிர்ந்த வயதில் இங்கே தேடிவரும் பத்திரிகையாளர் வேணுகோபாலாக மம்முட்டி நடித்தார். படப்பிடிப்புக்காக 2022இல் அவர் இலங்கைக்கு வந்தார். பெற்றோல் வரிசையும் பொருளாதார நெருக்கடியும் நாட்டை உலுக்கிய ஆண்டு அது. எம்.டி. கதைகளின் ‘மனோரதங்கள்’ படத் தொகுப்பில் 2024 ஓகஸ்ட்டில் இது வெளியானது.

அதிநாயகனின் குரல்

எழுபது வயதுக்குப் பின் அவர் தேர்ந்த படங்கள் இளம் நடிகர்களே தயங்கக்கூடியவை. லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் ‘நண்பகல் நேரத்து மயக்கம்’ படத்தில் வேளாங்கண்ணி போய்த் திரும்பும் மலையாளி ஒருவர் பஸ்ஸிலிருந்து இறங்கி, ஒரு தமிழ்க் கிராமத்துக்குள் நடந்து, காணாமற்போன சுந்தரமாகவே மாறித் தமிழ் பேசத் தொடங்குவார். ‘காதல்’ (2023) படத்தில் தன்பால் ஈர்ப்பை வாழ்நாள் முழுதும் மறைத்த குடும்பஸ்தர். கறுப்பு வெள்ளையில் வந்த ‘பிரமயுகம்’ (2024) படத்தில் பாழடைந்த மனையில் மனிதர்களை விளையாட்டுப் பொருளாக்கும் கொடுமன் போற்றி. ‘பிரமயுகம்’ அவருக்குக் கேரள அரசின் சிறந்த நடிகர் விருதையும் தந்தது.

மலையாளத்தில் அதிநாயகப் படத்துக்கு வழி திறந்தது டோவினோ தோமஸின் ‘மின்னல் முரளி’ (2021). மம்முட்டியின் மகன் துல்கர் சல்மானின் நிறுவனம் தயாரித்து, டொமினிக் அருண் இயக்கிய ‘லோகா சாப்டர் 1: சந்திரா’ 2025 ஓகஸ்ட் 28இல் வந்தது. கேரளத்து நாட்டார் கதையின் கள்ளியங்காட்டு நீலியை இன்றைய பெங்களூரில் அதிநாயகியாக உலவவிட்ட படம். நாயகி கல்யாணி பிரியதர்ஷன். மலையாளத்தில் அதுவரை வந்த எல்லாப் படங்களையும் வசூலில் முந்தியது. அதில் இந்த அபூர்வ மனிதர்களுக்கெல்லாம் தலைவர் மூத்தோன். திரையில் தெரிவது ஒரு கை, கேட்பது ஒரு குரல். அது யாருடையது என்பதைச் சனம் கண்டுபிடிக்க நேரமெடுக்கவில்லை. படக்குழுவினரும் அவருடைய பிறந்தநாளான செப்டெம்பர் 7இல் மூத்தோனுக்கு வாழ்த்துச் சொல்லி அதை உறுதிப்படுத்தினார்கள்.

உடற்கட்டும் பறக்கும் சண்டையும் வேண்டுமென்று கேட்கும் ஒரு படவகை, மம்முட்டியிடம் கேட்டு வாங்கியது குரலைத்தான். ‘மதிலுகள்’ படத்தில் நாராயணியின் இடத்தில், முப்பத்தைந்து ஆண்டு கழித்து அவரே நின்றார் எனலாம்.

இவரைப் புதிதாகப் பார்க்க விரும்பும் இளையவர்கள் ‘லோகா’வில் தொடங்க வேண்டாம். மலையாளம் தெரியாதவர் ‘பேரன்பு’ பார்த்துவிட்டு ‘நண்பகல் நேரத்து மயக்கம்’ போகலாம். பாதிக்கு மேல் தமிழ்தான். அதன் பின் ‘மதிலுகள்’.