ஆனையிறவு உணர்த்தும் சரித்திரம்

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வீதி வழியே தெற்கு நோக்கிச் செல்வோர் ஆனையிறவைக் கடந்தே செல்லல் வேண்டும். உப்பளத்தையும் யுத்தத்தையும் நினைவுகூரும் எம்மிற் பலர், அவ்விடத்திற்கு அப்பெயர் வந்த வரலாற்றைச் சிந்திப்பதில்லை. வன்னிக் காடுகளிற் பிடிக்கப்பெற்ற யானைகள் ஆழங் குறைந்த அக்கடனீரேரியில் இறக்கப்பட்டே குடாநாட்டிற்குக் கொண்டுவரப்பட்டன. பின்னர் ஊர்காவற்றுறையிற் கப்பலேறின. ஒல்லாந்தர் காலத்தில் வன்னித் தலைவர்கள் யானைகளையே திறையாகச் செலுத்தினர். கோல்கொண்டா முதலிய தேசங்களிலிருந்து வந்த வணிகர் அவற்றை விலைகொடுத்து வாங்கினர்.

அக்காலத்தில் யானை செல்வமாக மதிக்கப்பட்டது. ஆங்கிலேயர் ஆட்சியிலோ அது ஒழிக்கப்பட வேண்டிய பிராணியாயிற்று. யாம் மிஷன் பாடசாலையிற் பயின்ற நாளில் அவர்கள் அமைத்த வீதிகளையும் கலாசாலைகளையும் பற்றி நிரம்பக் கற்றோம். யானைக் கணக்கை எவரும் கற்பித்திலர். ஆயின், அக்கணக்கு அவர்தம் நூலிலேயே உளது. இலங்கையின் குடியேற்றக் காரியதரிசியாயிருந்த எமர்சன் ரெனன்ற் 1859இல் வெளியிட்ட நூலின்படி, ஒரு யானைக்குச் சில சிலிங் வீதம் அரசாங்கம் வெகுமதி அளித்தது. 1848க்கு முற்பட்ட மூன்றாண்டிற்குள் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500 யானைகளும், 1851 முதல் 1856 வரை தென் மாகாணத்தில் 2,000 யானைகளும் இவ்வாறு கொல்லப்பட்டன. மேஜர் றொஜர்ஸ் என்னும் ஒருவரே 1,400 யானைகளுக்கு மேற் சுட்டனர் என்பர். அவர் 1845இல் ஹப்புத்தளையில் இடிவிழுந்து மாண்டார்.

2011இல் நாடு முழுவதும் எண்ணப்பட்ட யானைகள் 5,879. மேற்கூறிய வெகுமதிக் கணக்கோ 5,500. இவ்விரு எண்களையும் அருகருகே வைத்து நோக்குவோர்க்கு வேறு விளக்கம் வேண்டுமோ?

1937இல் வனசீவராசிகளைப் பாதுகாக்கும் சட்டம் இயற்றப்பட்டது. மறு ஆண்டில் யாலவும் வில்பத்தும் தேசிய வனங்களாயின. ஆனையிறவுக்கு அணித்தாயுள்ள சுண்டிக்குளமும் சரணாலயமாயிற்று. எனினும் மனிதன் வரைந்த எல்லையை யானை அறியாது. யானைகள் உலாவும் நிலத்தில் நூற்றுக்கு 69 பங்கில் மக்களும் குடியிருக்கின்றனர் என ஆய்வாளர் 2021இல் வெளியிட்டனர். 2019இல் மட்டும் 405 யானைகளும் 121 மனிதரும் இம்முரண்பாட்டிற் பலியாயினர்.

"பெரும்போக வெள்ளாமையை ஓரிரவில் இழந்தவனுக்கு யானையின் பெருமையை எடுத்துரைக்கலாமோ?" எனப் பெரியோர் வினவக்கூடும். நியாயமான வினாவே. ஆதலின் பரிகாரமும் அவன் வயலிலிருந்தே தொடங்கல் வேண்டும். காட்டின் நடுவே, இரு திணைக்களங்களின் எல்லையில், மின்வேலிகள் பல இடப்பட்டன. வேலிக்கு இருபுறமும் யானைகள் இருந்தமையால் அவை பயன்தரவில்லை. வயலைச் சூழ விதைப்புக் காலத்தில் வேலியிட்டு, அறுவடை முடிந்ததும் அதனைக் கழற்றிவிடும் முறை நற்பயன் தந்துள்ளது. வேலி அறுந்தால் நட்டமடைபவனே அதற்குக் காவலனாகின்றான். அறுவடையின் பின் எஞ்சிய தாளை யானையும் மேய்ந்து செல்கின்றது. 2020இல் வரையப்பெற்ற தேசிய செயற்றிட்டமும் இவ்வழியையே வற்புறுத்தியது.

இளைஞராகிய நாம் செய்யக்கூடியது யாது? விடுமுறையில் வன்னிக் கமக்காரருடன் நின்று வேலிக்குக் கட்டை நடலாம்; கம்பியின்கீழ் வளரும் புல்லை வெட்டலாம். காட்டோரத்திற் குப்பை கொட்டுவதையும், வாகனத்திலிருந்து யானைக்கு உணவு வீசுவதையும் தடுக்கலாம். உணவினுள் வெடியை மறைத்து வைக்கும் கொடுமையைக் கண்டவிடத்து வாளாவிருத்தல் ஆகாது. குளக்கட்டிற் பிள்ளையாரை வைத்து வணங்கும் நாம், அக்குளத்திற்கு நீர்குடிக்க வரும் யானையை வாய் கிழிந்து சாகவிடுவது எங்ஙனம் பொருந்தும்?

ஆனையிறவில் யானை வணிகம் ஒழிந்தது. பெயர் மாத்திரம் எஞ்சியது. வன்னியிலும் யானை ஒரு பெயராக மட்டும் எஞ்சாதிருக்கவும், கமக்காரன் அச்சமின்றி உறங்கவும், எம்மாலியன்றதைச் செய்வோமாக.