டீசல் எஞ்சின் மாசு உருவாக்கம்: கணினி மாதிரியாக்கம்

டீசல் எஞ்சினில் நைட்ரஜன் ஆக்சைடுகளும் புகைக்கரியும் எங்கே, எவ்வளவு உருவாகும் என்று கணிக்கும் முறை. உருளையின் உள்வெளியைச் சிறு கட்டங்களாகப் பகுத்து, எரிபொருள் தூவல், ஆவியாதல், கொந்தளிப்பு, வேதிவினை ஆகியவற்றின் சமன்பாடுகளைக் கணினி தீர்க்கிறது. லாஸ் அலமாஸ் தேசிய ஆய்வகம் 1980களில் வெளியிட்ட கிவா நிரல் இத்துறையில் முன்னோடி.

நைட்ரிக் ஆக்சைடுக்கு யாக்கோவ் செல்தோவிச் 1946இல் விளக்கிய வினைத்தொடரே அடிப்படை. முதல் வினையின் கிளர்வு ஆற்றல் மிக அதிகம். சுமார் 1,800 கெல்வினுக்கு மேல்தான் அவ்வினை வேகமெடுக்கும். ஆகவே, கணித்த வெப்பநிலை சற்றுப் பிசகினாலும் விடை பெரிதும் மாறிவிடும்.

புகைக்கரிதான் உண்மையான தலைவலி. உருவாகும் துகள்களில் பெரும்பகுதி உருளைக்குள்ளேயே எரிந்துவிடுகிறது. எஞ்சும் சிறு மிச்சமே வெளியேறுகிறது. அதைக் கணிக்கப் பரவலாகப் பயன்படும் ஹிரோயாசு மாதிரியின் மாறிலிகளையும் அளவீடுகளோடு ஒப்பிட்டே சரிசெய்ய வேண்டியுள்ளது.