அபாயக் கழிவு லேபிள்

அபாயகரமான கழிவு அடைத்த டிரம், கேன், மூட்டை ஆகியவற்றின் மேல் ஒட்ட வேண்டிய அறிவிப்புச் சீட்டு. போபால் விஷவாயு விபத்துக்குப் பின் வந்த 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அபாயக் கழிவுக்கான முதல் விதிகள் 1989-இல் வெளியாயின. இப்போதைய லேபிள் 2016-ஆம் ஆண்டு விதிகளின்படியானது. அதன் மாதிரி படிவம் 8-இல் இருக்கிறது.

பளிச்சிடும் மஞ்சள் பின்னணியில் 'அபாயகரமான கழிவு', 'கவனமாகக் கையாளவும்' என்ற சொற்கள் சிவப்பில், எடுப்பாகத் தெரிய வேண்டும். இந்தி, ஆங்கிலம், வட்டார மொழி மூன்றிலும் எழுத வேண்டும். கும்மிடிப்பூண்டியிலிருந்து கிளம்பும் டிரம்மில் தமிழ் கட்டாயம் என்று பொருள். தண்ணீரில் கரையாத, வெயிலுக்கும் மழைக்கும் தாங்கும் சீட்டாக இருக்க வேண்டும். காகிதத்தில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதி ஒட்டினால் ஒரு மழைக்குக்கூடத் தாங்காது.

கழிவின் வகை, தன்மை, அளவு, அது திடமா திரவமா குழம்பா, அனுப்புபவர், பெறுபவர், அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்பனவெல்லாம் இதில் இடம்பெறும். சேமித்த தேதியும் உண்டு. கழிவைப் பொதுவாக 90 நாளுக்கு மேல் ஆலையில் வைத்திருக்கக் கூடாது என்பதால் அந்தத் தேதி முக்கியம். லாரி வாசலில் வந்து நின்ற பிறகு லேபிளைத் தேடுபவர்கள் இந்தக் கணக்கைத் தவறவிடுகிறார்கள்.

ஒப்புக்கு நிரப்பவே கூடாத வரி, எதனுடன் சேரக் கூடாது என்பது. மின்முலாம் பூசும் பட்டறையின் சயனைடு கழிவும் அமிலக் கழிவும் ஒரே லாரியில் ஏறி, இரண்டு டிரம்களும் கசிந்தால் ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பும். சில நிமிடங்களில் உயிரைப் பறிக்கக் கூடியது அது. சுமை ஏற்றுபவருக்கு இதைச் சொல்ல லேபிளை விட்டால் வேறு வழியில்லை. ஏற்கெனவே பயன்படுத்திய டிரம்மில் பழைய சரக்கின் பெயரை அழிக்காமல் விடுவதும் இதே அளவு ஆபத்தானது.

லேபிளோடு வேலை முடிவதில்லை. விபத்து நேர்ந்தால் செய்ய வேண்டியதைச் சொல்லும் படிவம் 9 அட்டையை ஓட்டுநருக்குக் கொடுக்க வேண்டும். கழிவு யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்பதைப் பதிவு செய்ய அதனுடன் செல்லும் அனுப்புச் சீட்டு படிவம் 10. அது ஏழு நிறங்களில் ஏழு பிரதிகள் கொண்டது. வெள்ளைப் பிரதி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போகும். மஞ்சள் அனுப்புபவரிடம் தங்கும். நீலம், சரக்கைப் பெற்றவரிடமிருந்து அனுப்பியவருக்குத் திரும்பி வரும். ஏழாவதான சாம்பல் நிறப் பிரதி, கழிவு வேறு மாநிலத்துக்குப் போனால் மட்டும் அனுப்பிய மாநிலத்தின் வாரியத்துக்கு அனுப்பப்படும்.