ஜப்பானில் வரைந்த ராமன்

புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் சாலையில் பதினாறு கிலோமீட்டர் போனால் சித்தன்னவாசல். குன்றின் மேற்குச் சரிவில் அறிவர் கோயில். அதன் முகப்புத் தூணில் ஓர் ஆடற்பெண் இருக்கிறாள். ஒரு கை யானைத் துதிக்கைபோல நீள்கிறது, இடை ஒசிந்திருக்கிறது. 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. வண்ணம் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. கோடு மட்டும் நிற்கிறது. அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருவது ஒரே கேள்விதான்: அந்தக் கை அடுத்து எங்கே போகும்?

அந்த அடுத்த படத்தை வரைவதுதான் அனிமேஷன்காரர்களின் தொழில். நம் ராமனுக்கு அப்படி அடுத்தடுத்த படங்களை வரைந்து நடக்க வைத்தவர்கள் ஜப்பானியர்கள். ‘ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா’ என்ற அந்தப் படம் பிறந்த கதை, படத்துக்குச் சற்றும் குறையாதது.

யூகோ சாகோ என்ற ஜப்பானியர் ஆவணப்படக்காரர். 1983இல் இந்தியா வந்தார். அலகாபாத் அருகே தொல்லியல் அறிஞர் பி.பி. லால் நடத்திய அகழாய்வைப் பற்றி ‘ராமாயண ரெலிக்ஸ்’ என்ற ஆவணப்படம் எடுப்பதுதான் வேலை. மண்ணைத் தோண்டுகிறவர்களைப் படம்பிடிக்க வந்த மனிதரைக் கதையே பிடித்துக்கொண்டது. ஜப்பானிய மொழியில் கிடைத்த ராமாயணங்களில் பத்தைத் தேடிப் படித்தார் என்கிறார்கள். வேலை முடிந்ததும் கதையை விட்டிருக்கலாம். அவர் விடவில்லை என்பதுதான் இந்தப் படத்தின் தொடக்கம்.

முதல் இடி செய்தித்தாள் வழியே வந்தது. ஆவணப்படத்தைப் பற்றிய ஒரு செய்தியைத் தவறாகப் புரிந்துகொண்டு, வெளிநாட்டார் ஒருவர் ராமாயணத்தை இஷ்டப்படி சினிமாவாக எடுக்கப் போகிறார் என்று விசுவ ஹிந்து பரிஷத் டெல்லியிலுள்ள ஜப்பான் தூதரகத்துக்குக் கண்டனக் கடிதம் எழுதியது. சாகோ நேரில் போய் விளக்கினார். சந்தேகம் தீர்ந்த பிறகு, தன் மனத்தில் இருந்ததையும் அவர்களிடமே சொன்னார்: ராமாயணத்தை முழுநீள அனிமேஷன் படமாக எடுக்க வேண்டும்.

ஏன் அனிமேஷன்? ராமன் தெய்வம். ஒரு நடிகரின் முகத்தைவிட வரைந்த முகமே அவனுக்குப் பொருந்தும் என்பது சாகோவின் எண்ணம். இதை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். 1958இல் வந்த ‘சம்பூர்ண ராமாயணம்’ பார்த்த நம் தாத்தாக்களுக்கு ராமன் என்றால் என்.டி. ராமாராவ்தான், தொலைக்காட்சித் தொடராகப் பார்த்தவர்களுக்கு நடிகர் அருண் கோவில். நடிகர் எவ்வளவு நன்றாக நடித்தாலும் அந்த முகத்துக்குச் சொந்தமாக வேறு பெயர், வேறு படங்கள், வேறு வாழ்க்கை உண்டு. கோட்டில் பிறந்த முகத்துக்கு அது ஒன்றும் கிடையாது. நம் தோல்பாவைக்கூத்துக் கலைஞர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். ஆட்டுத்தோலில் வரைந்து வெட்டிய ராமனை, வெள்ளைத் திரைக்குப் பின்னால் விளக்கு வைத்து, இரவிரவாக ஆட்டியவர்கள் அவர்கள். சாகோ கேட்டது நமக்குப் புதிய காரியமே அல்ல.

ஆனாலும் டெல்லியில் கதவு அடைபட்டது. இந்திய அரசு முதலில் இசைவு காட்டிப் பிறகு பின்வாங்கியது. ராமாயணம் உணர்வுபூர்வமான விஷயம், அதைக் கார்ட்டூனாகக் காட்டலாகாது என்பது காரணம். அயோத்தி விவகாரம் கொதித்துக்கொண்டிருந்த காலம் என்பதால் அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. கார்ட்டூன் என்றால் குழந்தைகளுக்கான வேடிக்கை என்று நினைத்ததைத்தான் ஏற்க முடியவில்லை. சாகோவின் நாட்டில் அது பெரியவர்களும் வரிசையில் நின்று பார்க்கும் கலை. இங்கே இடமில்லாததால் வேலை முழுக்க ஜப்பானுக்குப் போனது. 1990இல் தயாரிப்பு தொடங்கியது. சுமார் 450 கலைஞர்கள் உழைத்தார்கள்.

இந்தியாவிலிருந்து போன முக்கியமானவர் ராம் மோகன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தவர். மேற்படிப்பை விட்டுவிட்டுச் சித்திரத்தின் பின்னால் பம்பாய் போனவர். 1956இல் ஃபிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்து, டிஸ்னியில் பணியாற்றிய கிளேர் வீக்ஸிடம் தொழில் கற்றார். சத்யஜித் ராயின் ‘சத்ரஞ்ச் கே கிலாடி’யில் வரும் அனிமேஷன் பகுதி அவர் கைவேலை. யூகோ சாகோ, கோய்ச்சி சசாகி, ராம் மோகன் என்று மூன்று பேர் பெயரில் இயக்கம் வந்தது. இசை வனராஜ் பாட்டியா.

கணினி வரையாத காலம். ஒவ்வோர் அசைவையும் முதலில் தாளில் பென்சிலால் வரைய வேண்டும். பிறகு ‘செல்’ என்ற கண்ணாடி போன்ற தகட்டில் கோட்டை ஏற்றி, அதன் பின்பக்கம் வண்ணம் பூச வேண்டும். காடும் அரண்மனையும் கடலும் தனித்தாளில் பின்னணியாக இருக்கும். அதன்மேல் தகட்டை வைத்து கேமராவில் ஒரு படம். தகட்டை மாற்றி இன்னொரு படம். நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் பொம்மை வரைந்து, பக்கங்களைச் சரசரவென்று விட்டு ஓட வைத்த பிள்ளைகளுக்கு இந்த வித்தை நன்றாகத் தெரியும். சினிமாவில் ஒரு நொடிக்கு 24 படம். 135 நிமிடப் படத்துக்குக் கணக்குப் போட்டால் 1,94,400. ஒரே வரைபடத்தை இரண்டு இரண்டு முறை பிடித்தால்கூட 97,200 வேண்டும். இந்தப் படத்துக்குக் கையால் வரைந்தவை சுமார் ஒரு லட்சம் என்று சொல்வது அதனால்தான் எனக்கு மிகையாகப் படவில்லை.

எண்ணிக்கையைவிடப் பெரிய பாடு வேட்டிதான். ஜப்பானிய ஓவியர் கிமோனோவின் மடிப்பைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவார்; வேட்டியை அவர் எங்கே பார்த்தார்? கட்டியவன் நடக்கும்போது கொசுவம் எப்படி விரியும், உட்காரும்போது எங்கே சுருங்கும், வில்லை வளைக்கும்போது எது இழுபடும் என்பதெல்லாம் கட்டிப் பழகிய உடம்புக்குத்தான் தெரியும். வணக்கமும் அப்படித்தான். அவர்கள் ஊரில் பெரியவரைக் கண்டால் இடுப்பை வளைத்துக் குனிவார்கள். இங்கே காலைத் தொட வேண்டும், பெரியவர் கை பிள்ளையின் தலையில் படிய வேண்டும். வேட்டி கட்டுவது முதல் ஆசி வாங்குவது வரை இந்தியக் கலைஞர்கள் சொல்லிக்கொடுக்க, ஜப்பானியர்கள் வரைந்தார்கள். தசரதன் முன் ராமன் பணியும் காட்சியைப் பார்க்கிறபோது அது நம் வீட்டுப் பழக்கமாகத் தெரிகிறதே, அந்தப் பாடத்தின் பலன் அது. கண்களில் மட்டும் ஜப்பானிய அனிமேயின் சாயல் இருக்கிறது. அது இருக்கட்டும், தாய்லாந்தில் ராமன் தாய் முகத்தோடும் ஜாவாவில் ஜாவா முகத்தோடும்தான் இருக்கிறான்.

இந்திய – ஜப்பான் தூதரக உறவின் 40ஆம் ஆண்டு நினைவாக உருவான படம், 1993 ஜனவரியில் டெல்லியில் நடந்த சர்வதேசத் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. பாபர் மசூதி இடிக்கப்பட்டு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஊர் ஊராகத் திரையரங்குகளில் ஓடியிருக்க வேண்டிய படம் அப்படி ஓடவில்லை. இந்திப் பதிப்பில் ராமனுக்கு அருண் கோவிலே குரல் கொடுத்தார். ராவணனுக்கு அம்ரீஷ் புரி. பின்னாளில் தொலைக்காட்சியின் கார்ட்டூன் அலைவரிசைகள்தான் அதைக் காப்பாற்றின. விடுமுறைப் பகலில் அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் பெரியவர்களான பிறகும் அதை மறக்கவில்லை.

யூகோ சாகோ 2012இல் காலமானார். ராம் மோகன் 2014இல் பத்மஸ்ரீ பெற்று, 2019 அக்டோபரில் மறைந்தார். அவர்கள் படம் 4கே தரத்தில் புதுப்பிக்கப்பட்டு, 2025 ஜனவரி 24 அன்று தமிழிலும் பேசியபடி இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது.