5 லட்சம் டாலரில் ஏலியன் படம் ஷூட்டிங்... 'ஸ்கைலைன்' உருவானது எப்படி? சோனி கொதித்தது ஏன்?

ஏலியன் படையெடுப்புப் படம்னாலே பிரம்மாண்ட செட், டாங்கி, ஹெலிகாப்டர், கோடிக்கணக்கில் செலவு என்றுதான் நினைப்போம். ஆனால், இயக்குநர் தன் வீடு இருந்த அபார்ட்மெண்டிலேயே எடுத்து முடித்த ஏலியன் படம் ஒன்று இருக்கிறது. 2010 நவம்பர் 12-ல் அமெரிக்காவில் வெளியான 'ஸ்கைலைன்'தான் அது. இந்தப் படம் தியேட்டருக்கு வரும் முன்பே சோனி நிறுவனத்துடன் பெரிய மோதல் வெடித்தது. என்ன நடந்தது?

கதை என்ன?

பிறந்தநாள் பார்ட்டிக்காக லாஸ் ஏஞ்சல்ஸ் வரும் ஒரு ஜோடி, நண்பரின் பென்ட்ஹவுஸில் தங்குகிறது. விடியற்காலையில் வானத்திலிருந்து நீல வெளிச்சம் இறங்குகிறது. அதைப் பார்க்கும் மனிதர்கள் தன்னிலை மறந்து நடக்க, விண்கலங்கள் அவர்களை அப்படியே உறிஞ்சி எடுத்துக்கொள்கின்றன. ராணுவம் அணுகுண்டே வீசுகிறது. அப்படியும் விழுந்த கலம் தன்னைத்தானே சரிசெய்துகொண்டு எழுகிறது. இத்தனையும் ஜன்னல் வழியாகத்தான் காட்டப்படுகிறது. பட்ஜெட் மிச்சமானதே இதில்தான்!

யார் எடுத்தது?

காலின் ஸ்ட்ராஸ், கிரெக் ஸ்ட்ராஸ் என்ற சகோதரர்கள். இருவரும் 'ஹைட்ராலக்ஸ்' என்ற கிராபிக்ஸ் நிறுவனத்தின் உரிமையாளர்கள். 2007-ல் 'ஏலியன்ஸ் வெர்சஸ் பிரிடேட்டர்: ரெக்விம்' படத்தை இயக்கியவர்கள். மெரினா டெல் ரே பகுதியில் கிரெக் வசித்த கட்டடம்தான் படத்தின் முக்கிய லொகேஷன். ஷூட்டிங்குக்கு ஆன செலவு சுமார் 5 லட்சம் டாலர் மட்டுமே. மீதிப் பணம் முழுக்க கிராபிக்ஸுக்குப் போனது. அதையும் சேர்த்து மொத்த பட்ஜெட் 1 கோடி முதல் 2 கோடி டாலர் வரை என்று சொல்லப்படுகிறது.

சோனிக்கு என்ன கோபம்?

அதே சமயத்தில் சோனியும் ஒரு படம் தயாரித்துக்கொண்டிருந்தது. பெயர் 'பேட்டில்: லாஸ் ஏஞ்சல்ஸ்'. அதுவும் ஏலியன் படையெடுப்புதான், அதே ஊர்தான். பட்ஜெட் சுமார் 7 கோடி டாலர். அதன் கிராபிக்ஸ் வேலையில் ஒரு பகுதியைச் செய்தது யார் தெரியுமா? இதே ஹைட்ராலக்ஸ்!

நமக்கு வேலை செய்துகொண்டே போட்டிப் படத்தையும் எடுத்து, நமக்கு முன்னாடியே ரிலீஸ் பண்றாங்களே என்பதுதான் சோனியின் ஆத்திரம். தங்கள் படத்துக்கான வளங்கள் அங்கே பயன்பட்டிருக்கலாம் என்று சட்ட நடவடிக்கையில் இறங்கியது. சகோதரர்கள் மறுத்தார்கள்.

முடிவு என்ன?

2011 மார்ச்சில் சோனி பின்வாங்கியது. ஹைட்ராலக்ஸ் தானாகவே கொடுத்த ஆவணங்களைப் பார்த்தபின், தாங்கள் ஆர்டர் கொடுத்த கிராபிக்ஸ் எதுவும் 'ஸ்கைலைன்' படத்தில் இல்லை என்று ஏற்றுக்கொண்டது. அதே மாதம் வெளியான 'பேட்டில்: லாஸ் ஏஞ்சல்ஸ்' உலக அளவில் 21 கோடி டாலர் வசூலித்தது.

'ஸ்கைலைன்' படத்தை விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். கதையும் வசனமும் சரியில்லை என்பதே முக்கியப் புகார். ஆனாலும் வசூல் 6 கோடி டாலரைத் தாண்டியது. திரைக்கதை எழுதிய இருவரில் ஒருவரான லியாம் ஓ'டானல் இயக்கத்தில் 2017-லும் 2020-லும் அடுத்தடுத்த பாகங்கள் வந்தன.

இது ஏன் முக்கியம்?

கிராபிக்ஸ் நிறுவனங்கள் பெரும்பாலும் முன்கூட்டியே பேசிய தொகைக்குத்தான் வேலை செய்கின்றன. படம் எவ்வளவு வசூலித்தாலும் லாபத்தில் பங்கு கிடையாது. புதுச்சேரியில் தொடங்கும் 'லைஃப் ஆஃப் பை' படத்தின் புலியை உருவாக்கிய 'ரிதம் அண்ட் ஹியூஸ்' நிறுவனம், 2013 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தது. சில நாட்களிலேயே அந்தப் படத்தின் கிராபிக்ஸுக்கு ஆஸ்கர் கிடைத்தது!

விருது கையில், பணம் வேறொருவர் பையில். இந்த நிலைமையில் 'நம்ம படத்தை நாமே எடுப்போம்' என்று இறங்கியவர்கள்தான் ஸ்ட்ராஸ் சகோதரர்கள். படம் சுமார்தான். ஆனால் அவர்கள் எடுத்த ரிஸ்க் சுமார் இல்லை.